பொருளில் அசையும் மழலைச் சொல்லும்: எபிங்கவுசின் நினைவாராய்ச்சி பற்றிய ஒரு மறுநோக்கு

நினைவைப் பற்றி மக்கள் சிந்திக்கத் தொடங்கிய காலம் மிகப் பழையது. அதனை அளந்தறிய முற்பட்ட காலமோ அண்மையது. 1885ஆம் ஆண்டில் ஏர்மன் எபிங்கவுசு என்னும் யேர்மானிய அறிஞர் நினைவைப் பற்றிய சிறு நூலொன்றை வெளியிட்டார். உளவியலானது மெய்யியலினின்றும் பிரிந்து தனக்கென ஒரு நெறியை வகுத்துக்கொண்டிருந்த காலம் அது. கண்ணாலும் செவியாலும் பெறும் புலனுணர்வுகளைப் பரிசோதனையால் அளக்கலாம் என ஒப்புக்கொண்டவர்கள்கூட, நினைவு முதலாய உயர்ந்த உளத்தொழில்கள் அளவைக்குள் அடங்கா என்றே கருதியிருந்தனர். அக்கருத்துப் பிழையென நிறுவிய பெருமை அந்நூலுக்கு உரியது.

பெருமைக்கு நிகரான குற்றச்சாட்டும் அந்நூலின்மேல் உண்டு. எபிங்கவுசு ஆராய்ந்தவை சொற்கள் அல்ல, பொருளற்ற அசைகள். சொல்லென்பது பொருளுணர்த்துவது என்பது தமிழ் இலக்கண நூலார்க்கும் பிறமொழியிலக்கணத்தார்க்கும் உடன்பாடான கொள்கை. பொருளை நீக்கியபின் எஞ்சுவது மொழியாகாது. அவ்வெச்சத்தை உருப்போட்டுக் கண்ட விதிகள் மனிதரின் உண்மை நினைவுக்குப் பொருந்தா என்பது மறுப்பாளர் வாதம். இவ்வாதம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக ஆசிரியர் பயிற்சி நூல்களிலும் இடம்பெற்று வருகின்றது. அது எவ்வளவிற்குப் பொருந்தும், எவ்விடத்தே பொருந்தாது என்பதனை, குழந்தையின் மொழி வளர்ச்சி பற்றி இன்று அறியப்பட்டனவற்றைத் துணைக்கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இஃது அறிஞர்க்கிடையே நிகழும் வெறும் சொற்போர் அன்று. பிள்ளைகளைப் பொருளறியாது மனனஞ் செய்வித்தல் தக்கதோ தகாததோ, எவ்வயதிற் செய்வித்தல் தக்கது, மறந்துபோன பாடம் முற்றும் அழிந்துபோயிற்றோ என்னும் வினாக்களுக்கு விடை இவ்வாதத்தின் முடிபைப் பொறுத்தே அமையும்.

எபிங்கவுசு செய்தது

ஓர் உயிரெழுத்தை இரு மெய்யெழுத்துகளுக்கிடையே வைத்து எபிங்கவுசு ஏறத்தாழ 2300 அசைகளை ஆக்கிக்கொண்டார். அவற்றைக் கலந்தெடுத்து வரிசைப்படுத்தி, ஒரே கதியிற் பலமுறை வாசித்து, பிழையின்றி ஒப்புவிக்கும்வரை கற்றார். கற்றவரும் அவரே, கணக்கு வைத்தவரும் அவரே. 1879-80, 1883-84 ஆகிய இரு காலப்பகுதிகளில் இவ்வுழைப்பு நிகழ்ந்தது. ஏழு அசை கொண்ட வரிசை ஒருமுறை வாசித்த அளவில் மனத்தில் நின்றது. அசைகள் பன்னிரண்டாகியபோது ஏறத்தாழ 17 வாசிப்புகளும், பதினாறாகியபோது 30 வாசிப்புகளும் வேண்டப்பட்டன. சுமை சிறிதளவு கூட உழைப்புப் பன்மடங்காகப் பெருகுதல் இதனாற் புலனாயிற்று.

அவர் கண்ட முறைகளுட் சிறந்தது சேமிப்பு முறை எனப்படுவது. ஒருவன் ஒரு பாடலை முன்னர்ப் பத்து முறை படித்து மனனஞ் செய்தான் எனக் கொள்க. ஓராண்டின் பின் அவனுக்கு அதில் ஓரடியேனும் வாயில் வரவில்லை. மறந்துவிட்டான் என்றே எவரும் கூறுவர். ஆயினும் மீண்டும் மனனஞ் செய்யப் புகுங்கால் ஆறு முறை படித்த அளவில் அது கைகூடுமாயின், நான்கு முறை உழைப்பு மிச்சமாயிற்று. பத்துக்கு நான்கு பங்கு அவனிடத்தே அழியாது கிடந்தது என்பது பெறப்படும். தான் நினைவு கூர்வதாக ஒருவன் உணராத நினைவையும் அளக்கவல்ல கோல் இது.

இக்கோல் கொண்டு அவர் மறதியை அளந்தார். கற்று ஏறத்தாழ 20 நிமிடம் கழிந்தபின் எஞ்சிய சேமிப்பு 58 வீதம். ஒரு மணித்தியாலத்தின்பின் 44 வீதம். ஒரு நாளின்பின் 34 வீதம். ஆறு நாளின்பின் 25 வீதம். 31 நாளின்பின் 21 வீதம். மறதி தொடக்கத்தில் விரைந்தும் பின்னர் மிக மெதுவாகவும் நிகழ்கின்றது என்பது இதன் பயன். ஒருவரே தம்மை ஆராய்ந்து கண்ட முடிபாதலின் இதனை ஐயுற்றோர் பலர். ஆனால் 2015ஆம் ஆண்டில் ஒல்லாந்து ஆராய்ச்சியாளர் இருவர் அவர் முறையையே பின்பற்றிச் செய்த பரிசோதனை, அவர் வரைந்த மறதிக்கோட்டை ஒத்த கோட்டையே தந்தது.

மறுப்பாளர் பலர் கவனியாத செய்தியொன்றும் அந்நூலில் உண்டு. எபிங்கவுசு அசைகளோடு அமையாது, ஆங்கிலக் கவிஞர் பைரனின் ‘டொன் யுவான்’ என்னும் காவியத்துச் செய்யுள்களையும் அதே முறையில் மனனஞ் செய்தார். எண்பது அசையளவினதாகிய செய்யுளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்பது வாசிப்புகளே வேண்டப்பட்டன. அத்துணை நீளமுடைய பொருளில் அசை வரிசைக்கோ எழுபது எண்பது வாசிப்புகள் வேண்டும் எனக் கணித்தார். பொருளும் யாப்பும் எதுகையும் சேர்ந்து உழைப்பைப் பத்திலொன்றாகக் குறைத்தன. ஆகவே பொருளின் ஆற்றலை எபிங்கவுசு அறியாதிருந்தார் என்பது சாலாது. அதனை அறிந்தமையாலேயே அதனை விலக்கினார். அதன் உதவியில்லாத நினைவு எத்தகையது எனக் காண விழைந்தார்.

பாட்லற் எழுப்பிய மறுப்பு

எபிங்கவுசு மரபை வன்மையாக மறுத்தவர் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்து உளவியற் பேராசிரியர் பிரெடெரிக் பாட்லற் ஆவர். நினைவு கூர்தல் பற்றி 1932இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறையில் ஒரு திருப்பத்தை விளைத்தது. அசையிலிருந்து பொருளை அகற்றியதால் நினைவு எளிமையுறவில்லை. வாழ்க்கையோடு தொடர்பற்ற செயற்கைப் பழக்கமொன்றே ஆராயப்படலாயிற்று என்பது அவர் கருத்து. அவர் தம் மாணவர்க்கு வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றை வாசிக்கக் கொடுத்தார். ஆவிகள் போருக்குச் செல்வதும், அவற்றோடு சென்ற இளைஞன் காயமுற்றும் நோவறியாதிருப்பதும், மறுநாட் சூரியோதயத்தில் அவன் வாயினின்றும் கரியதொன்று வெளிப்பட அவன் இறப்பதும் அக்கதையில் வரும் செய்திகள். ஆங்கிலேய வாசகர்க்கு இவை முற்றும் அந்நியமானவை.

நாட்கள் செல்லச்செல்ல மாணவர் திருப்பிச் சொல்லிய கதை குறுகியது. விளங்காத பகுதிகள் உதிர்ந்தன. காரணகாரியத் தொடர்பு புதிதாகப் புகுந்தது. பழங்குடியினரின் சிறு தோணி, சாதாரணப் படகாயிற்று; கடல்நாய் வேட்டை, மீன்பிடித்தலாயிற்று. கேட்டதனை உள்ளம் அச்சிட்டாற்போல வைத்திருப்பதில்லை. முன்னறிவினால் அமைந்த ஒரு கட்டுக்கோப்பினுள் அதனைப் பொருத்தி, வேண்டுங்கால் மீண்டும் கட்டியெழுப்புகின்றது எனப் பாட்லற் முடிவு செய்தார். அக்கட்டுக்கோப்பினைத் தமிழில் ‘அமைவுரு’ எனலாம்.

பின்வந்த ஆராய்ச்சிகள் இம்முடிபுக்கு அரண் செய்தன. 1967இல் சாக்சு என்னும் ஆராய்ச்சியாளர், கேட்ட வாக்கியத்தின் சொல்லமைப்பு, அதன்பின் எண்பது அசையளவு பேச்சு நிகழ்வதற்குள் மனத்தினின்றும் பெரும்பாலும் நழுவிவிடும், கருத்தோ நிலைத்து நிற்கும் எனக் காட்டினார். 1972இல் பிரான்சுபோட்டும் யோன்சனும் ஆடை தோய்த்தலைப் பற்றிய பந்தியொன்றை அதன் தலைப்பை மறைத்துச் சிலர்க்கு வாசித்துக் காட்டினர். சொற்கள் யாவும் எளியனவாயிருந்தும் அவர்க்கு அது விளங்கவில்லை, நினைவிலும் நிற்கவில்லை. தலைப்பை முன்னரே கேட்டவர்கள் ஏறத்தாழ இருமடங்கு நினைவு கூர்ந்தனர். வாசித்து முடிந்தபின் தலைப்பை அறிந்தோர்க்கு அவ்வறிவினாற் பயன் விளையவில்லை. இங்கு கவனிக்கத்தக்கது யாதெனின், பொருள் உதவுவது நினைவு கூரும் வேளையிலன்று. நினைவிற் பதியும் வேளையில் என்பதே.

பாட்லற்றின் கொள்கையும் குறையற்றதன்று. அவர் தம் மாணவரைச் சொல்லுக்குச் சொல் பிழையின்றித் திருப்புமாறு வற்புறுத்தவில்லை. அவ்வாறு வற்புறுத்தியபோது திரிபுகள் பெரிதும் குறைந்தன என 1967இல் கோல்ட், சுரீபன்சன் ஆகிய இருவர் காட்டினர். அன்றியும் அவர் எடுத்துக்கொண்டது உரைநடைக் கதை. யாப்பிற் கட்டுண்ட பாட்டு வேறு வகையில் இயங்கும். இதனை டேவிட் ரூபின் 1995இல் வெளியிட்ட வாய்மொழி மரபு பற்றிய நூல் விரிவாக ஆராய்கின்றது. பொருள் ஒருபுறமும், சந்தமும் எதுகையும் மறுபுறமும் நின்று, அடுத்து வரத்தக்க சொல்லைக் குறுக்கிவிடுவதால், பாட்டு எழுத்தின்றியே தலைமுறை பல கடந்தும் பெருந்திரிபின்றி நிலவுகின்றது. ஆகவே ஒலியும் நினைவுக்கு ஒரு பற்றுக்கோடு; பொருள் ஒன்றே பற்றுக்கோடு என்றல் மிகை.

இருவரும் விட்டுவிட்ட குழந்தை

எபிங்கவுசு தம்மை ஆராய்ந்தார். பாட்லற் பல்கலைக்கழகத்தாரை ஆராய்ந்தார். இருதிறத்தாரும் மொழியை முற்றக் கற்றுத் தேர்ந்த முதியோர். ஆயிரக்கணக்கான சொற்களும் அவற்றாலமைந்த கட்டுக்கோப்புகளும் அவர் உள்ளத்தே முன்னரே நிறைந்திருந்தன. மொழி இன்னும் வாராத குழந்தையின் நிலை யாது? பிறந்த குழந்தைக்குத் தாய்மொழியும் பொருளில் அசைகளின் வரிசையே. ‘தம்பி’ என்பதும் ‘பால்’ என்பதும் அதன் செவிக்குப் பொருளற்ற ஒலிகளாகவே முதலில் வந்து சேர்கின்றன. எபிங்கவுசு வலிந்து செயற்கையாகப் படைத்துக்கொண்ட நிலை, மக்கட் பிறவி எடுத்த ஒவ்வொருவரும் இயற்கையாகவே கடந்துவந்த நிலையாகும்.

இஃது உவமையாக மாத்திரம் கூறப்படுவதன்று. 1986இல் டிகாசுப்பரும் சுபென்சும் வெளியிட்ட ஆராய்ச்சியில், தாய்மார் கருவுற்ற காலத்தின் இறுதி ஆறு வாரங்களில் ஒரு சிறுவர் கதைப் பகுதியை நாள்தோறும் உரக்க வாசித்தனர். பிறந்து சில நாளேயான குழந்தைகள், கேளாத பகுதியினும் முன்பு கேட்ட பகுதியையே விரும்பிக் கேட்டன என்பது அவை முலைக்காம்புபோன்ற கருவியைச் சப்பும் முறையினால் அறியப்பட்டது. பொருளென்பது அணுவளவும் இல்லாதவிடத்தும் ஒலியும் சந்தமும் பதிந்திருந்தன.

இதனினும் வியப்புத் தருவது 1996இல் சாபிரன், அசிலின், நியூபோட் என்னும் மூவர் வெளியிட்ட பரிசோதனை. பேச்சிற் சொல்லுக்குச் சொல் இடைவெளி இருப்பதில்லை. அயன்மொழி கேட்பார்க்கு அஃது ஒரே நீரோட்டம்போலத் தோன்றுவது அதனாலேயே. இந்நீரோட்டத்திற் குழந்தை சொல்லெல்லையை எங்ஙனம் காண்கின்றது? ‘தம்பி வா’, ‘தம்பி தா’, ‘தம்பி நில்’ எனப் பலகாற் கேட்பின், ‘தம்’ என்பதனையடுத்துப் ‘பி’ என்பது தவறாது வரும். ‘பி’ என்பதனையடுத்தோ பலவும் வரும். தவறாது தொடர்வன ஒரு சொல். மாறிமாறித் தொடர்வன சொல்லெல்லை. இத்தகைய கணக்கைக் குழந்தை செய்யவல்லதோ என்றறிய, மூவசைப் பொருளில் சொற்கள் நான்கினை இடைவெளியின்றித் தொடுத்து எட்டு மாதக் குழந்தைகளுக்கு இரண்டு நிமிடம் கேட்பித்தனர். அச்சிறு பொழுதிலேயே குழந்தைகள் சொல்லையும் சொல்லெல்லையிற் பிறந்த போலித் தொடரையும் வேறுபிரித்தறிந்தன. எபிங்கவுசு ஆண்டுக்கணக்கில் உழைத்த அதே வகைப் பொருளைக் குழந்தையின் உள்ளம் தானாகவே வகுத்துக்கொள்கின்றது.

இப்பரிசோதனையையும் அளவறிந்தே கொள்ளல் வேண்டும். அதிலமைந்த சொற்கள் யாவும் ஒரே நீளமுடையன. ஈரசைச் சொல்லும் மூவசைச் சொல்லும் கலந்து வந்தபோது குழந்தைகள் எல்லை காண இயலாது தடுமாறின என 2010இல் வெளியான ஒல்லாந்த ஆராய்ச்சியொன்று காட்டியது. எனவே அசைக்கணக்கு ஒன்றினாலேயே மொழி கைவரும் எனல் ஆகாது. தாயின் குரலேற்றத் தாழ்வும், சுட்டிக்காட்டும் கையும், முகக்குறிப்பும் உடன் உதவுதல் வேண்டும். ஆயினும் பொருளுக்கு முன்னரே ஒலிப்பதிவு நிகழ்கின்றது என்னும் அடிப்படை இதனால் அசையவில்லை.

ஒலிவழியும் பொருள்வழியும்

மழலைப் பருவங் கடந்தபின்னரும் இவ்வொலிவழி அடைபட்டுவிடுவதில்லை. இங்கிலாந்திலே கதர்கோலும் பட்டிலியும் 1980களின் பிற்பகுதியில் நான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் பொருளில் சொற்களைக் கூறித் திருப்பிச் சொல்லுமாறு ஏவினர். அவற்றைச் செவ்வனே திருப்பிய பிள்ளைகள் ஓராண்டின்பின் மிகுந்த சொல்வளம் உடையராயிருந்தனர். கேட்ட ஒலியைச் சில கணம் உள்ளத்துள்ளே சுழலவிட்டு வைத்திருக்கும் ஆற்றல் புதுச்சொற் கற்றலுக்கு வாயில் என்பது இவர்தம் கொள்கை. 1988இல் விவரிக்கப்பட்ட இத்தாலிய நோயாளி ஒருவரின் நிலையும் இதற்குச் சான்று. மூளையில் நேர்ந்த பழுதினால் அவர்க்கு இவ்வாற்றல் குன்றியிருந்தது. தாய்மொழிச் சொற்களை இணையிணையாகக் கற்பதில் அவர்க்கு இடர்ப்பாடில்லை. உருசிய மொழிச் சொற்களைச் செவிவழிக் கற்க முற்பட்டபோதோ அவரால் இயலவேயில்லை. தெரிந்த சொல்லைப் பொருள் தாங்கிக்கொள்ளும். தெரியாத சொல்லை ஒலியே தாங்கவேண்டும்.

அவ்வாராய்ச்சியாளரே பின்னர்க் கண்ட வேறொரு செய்தி இங்கு பெரிதும் பயன்படும். நான்கு வயதில் ஒலியாற்றல் மிக்கிருப்பின் ஐந்து வயதிற் சொல்வளம் மிகுகின்றது. ஐந்து வயதின்பின் அவ்வுறவு திசைமாறுகின்றது. சொல்வளம் மிக்கோரே பொருளில் சொற்களையும் எளிதில் திருப்புகின்றனர். அறிந்த சொற்களின் சாயல் புதுச்சொல்லுக்கு ஏணியாகின்றது. முதியோர்க்கு முற்றும் பொருளற்ற அசை என்பதே அரிது. அசைகளுட் சில ஏதேனும் ஒரு சொல்லை நினைவூட்டுவன, சில அங்ஙனம் ஊட்டாதன என்பதனை 1928இலேயே கிளேசு என்பவர் அளந்து காட்டியுள்ளார்.

இதனால் எபிங்கவுசின் ஆராய்ச்சியிலுள்ள உண்மைக் குறை எதுவென்பது தெளிவாகும். மொழியறிந்த முதியவர் ஒருவர் மொழியில்லாதார் நிலையை முற்றாக எய்துதல் இயலாது என்பதே அது. பொருளில் அசையை ஆராய்ந்தது குறையன்று.

உருசிய அறிஞர் வைகோட்சுகியின் கொள்கையும் இத்திசை மாற்றத்தையே வேறொரு நிலையில் உணர்த்துகின்றது. 1934இல் மறைந்த அவர், சிறுபிராயத்திற் சிந்தனை நினைவைச் சார்ந்து நடக்கின்றது என்றும், வளர்ந்தபின் நினைவு சிந்தனையைச் சார்ந்து நடக்கின்றது என்றும் கருதினார். பிறரோடு பேசப் பயன்பட்ட மொழி, உள்ளே திரும்பி, தன்னைத் தானே நடத்தும் கருவியாகின்றது. நினைவையும் அக்கருவியே ஆளத் தொடங்குகின்றது.

மொழி நினைவைப் பதிக்கும் முறையையே மாற்றுகின்றது என்பதற்கு நியூசீலந்து நாட்டில் சிம்கொக்கும் ஏய்னும் 2002இல் வெளியிட்ட ஆராய்ச்சி சிறந்த சான்று. இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் பொருள்களைச் சிறியனவாக்குவதுபோலக் காட்டும் பெட்டியொன்றைக் காட்டி விளையாடச் செய்தனர். ஆறு மாதமோ ஓராண்டோ கழிந்தபின் அப்பிள்ளைகள் பெட்டியை இயக்கும் முறையைச் செய்து காட்டினர். பொருள்களைப் படத்தில் இனங்கண்டனர். இடையே அவர்தம் சொல்வளம் பெருகியிருந்தது. ஆயினும் அந்நிகழ்ச்சியை விவரிக்குங்கால், அது நிகழ்ந்த காலத்துத் தாம் அறிந்திருந்த சொற்களையன்றிப் பின்னர்க் கற்ற சொற்களை அவர் ஆளவில்லை. சொல்லின்றிப் பதிந்தது சொல்லாக எளிதில் வெளிவருவதில்லை. 2007இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியிற் பிள்ளைகள் சிலர் புதிதாகக் கற்ற சொல்லால் பழைய நினைவை வெளியிட்டனர் என்பதனால், இஃது எவரும் கடக்கலாகாத மதில் அன்று எனக் கொள்ளலாம். எனினும் மழலைப் பருவத்து நிகழ்ச்சிகளை நாவினாற் கூற முதியோர்க்கு இயலாமைக்குரிய காரணங்களுள் ஒன்று இங்கு தென்படுகின்றது.

மறந்தது மறைந்ததா?

நாவினாற் கூற இயலாதது அழிந்துபோயிற்று என்பதற்கில்லை. இவ்விடத்தே எபிங்கவுசின் சேமிப்பு முறை மீண்டும் கைகொடுக்கின்றது. அமெரிக்க உளவியலறிஞர் அரல்ட் பேர்ட் தம் மகனுக்குப் பதினைந்து மாதம் முதல் மூன்று வயது நிறையும்வரை கிரேக்க நாடகாசிரியர் சொபொக்கிளீசு இயற்றிய நாடகத்தின் பகுதிகளை மூலமொழியிலேயே வாசித்துவந்தார். ஒவ்வொன்றும் இருபது அடியளவினது. மூன்று பகுதிகளை மூன்று மாதம் நாள்தோறும் வாசிப்பார். பின்பு வேறு மூன்றினை எடுப்பார். குழந்தைக்குக் கிரேக்கம் தெரியாது. அதன் பொருளும் உரைக்கப்படவில்லை. எட்டரை வயதில், முன்பு கேட்ட பகுதிகள் சிலவற்றையும் கேளாத பகுதிகள் சிலவற்றையும் அச்சிறுவன் மனனஞ் செய்யலானான். புதிய பகுதிக்குச் சராசரி 435 முறையும் பழைய பகுதிக்கு 317 முறையும் வேண்டப்பட்டன. நாலிலொரு பங்கினும் மிகுந்த உழைப்பு மிச்சமாயிற்று. பதினான்கு வயதில் வேறு பகுதிகளைக் கொண்டு சோதித்தபோது மிச்சம் 8 வீதமே. பதினெட்டு வயதில் அது காணப்படவில்லை என்றே கூறலாம். 1941இல் வெளியான இம்முடிபு ஒரே பிள்ளையைப் பற்றியது; ஆதலின் இதனைப் பொதுவிதியாக விரித்தல் தகாது. ஆயினும் பொருளறியாது கேட்ட ஒலி ஐந்தாண்டுக்கு மேல் உள்ளே தங்கியிருந்தது என்பதும், மீளப் பயிலாமையால் அது தேய்ந்தது என்பதும் இதனால் விளங்கும்.

பாட்டடிகள் தேய்ந்தன, மொழியின் ஒலியமைப்போ அதனினும் நெடிது நிற்கின்றது. 2003இல் பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர், மூன்று முதல் எட்டு வயதில் கொரியாவினின்றும் பிரெஞ்சுக் குடும்பங்களுக்குத் தத்தாக வந்து வளர்ந்தோரைச் சோதித்தனர். அவர்கள் கொரிய வாக்கியங்களை இனங்காணவில்லை. மூளைப்படத்திலும் சுவடு தோன்றவில்லை. பிறந்த மொழி முற்றும் அழிந்தது எனக் கருத இஃது இடந்தந்தது. ஆனால் 2014இற் கனடாவில் நிகழ்ந்த ஆராய்ச்சி, குழந்தைப் பருவத்தே சீனாவிலிருந்து தத்தாக வந்து பிரெஞ்சு மாத்திரமே பேசும் பிள்ளைகளின் மூளை, சீன மொழியின் குரலேற்றங்களைக் கேட்குங்கால் சீனம் பேசுவோர் மூளைபோலவே தொழிற்பட்டது எனக் காட்டியது. 2017இல் ஒல்லாந்திற் சோயி, புறோசுமா, கட்லர் ஆகியோர் கொரியாவிலிருந்து தத்தாக வந்து ஒல்லாந்த மொழியே பேசி வளர்ந்தோர்க்குக் கொரிய மெய்யொலிகளைப் புதிதாகக் கற்பித்தனர். அவ்வொலிகளை என்றும் கேட்டறியாதாரினும் அவர் திருத்தமாக ஒலிக்கக் கற்றனர். ஆறு மாதத்திற்கு முன்னரே, அதாவது ஒரு சொல்லும் பேசாத பருவத்திலேயே, தாய்நாடு நீங்கியோர்க்கும் இந்நலம் குறையவில்லை.

‘நினைவு இருக்கின்றதா?’ என வினவியபோது இல்லையென்ற உள்ளம், ‘மீளக் கற்க எவ்வளவு உழைப்பு வேண்டும்?’ என வினவியபோது வேறு விடை கூறியது. பின்னைய வினா எபிங்கவுசின் வினா. 1983ஆம் ஆண்டின்பின் ஈழத்தினின்றும் பெருந்தொகையாகப் புலம்பெயர்ந்தோரின் குடும்பங்களில், மழலைப் பருவத்தே தமிழைக் கேட்டுப் பின் அதனை வழங்காது விட்ட பிள்ளைகள் பலர் உளர். அவர்கள் வளர்ந்தபின் தமிழ் கற்க வருங்கால், முற்றும் அயலாராக வருகின்றனர் எனக் கருதுதல் பொருந்தாது. லகர ளகர ழகர வேறுபாடுகள் அவர் செவியில் ஒருகாலத்தே பதிந்தவை. அப்பதிவு சொல்லையும் பொருளையும் தானே தந்துவிடாது; அவற்றை உழைத்தே பெறல் வேண்டும். ஆனால் ஒலிப்பயிற்சியை விடுத்து நேரே சொற்பட்டியலும் இலக்கணமும் புகட்டும் ஆசிரியர், அப்பிள்ளையிடம் எஞ்சியுள்ள முதலைப் பயன்படுத்தாது விடுகின்றார்.

வகுப்பறைக்கு இதன் பயன்

மனனத்தைப் பழிப்போரும் போற்றுவோரும் வயது வேறுபாட்டை மறந்தே வழக்காடுகின்றனர். பழைய திண்ணைப் பள்ளிகளிற் சிறார் ஆத்திசூடியையும் நிகண்டையும் பொருளறியாது பாடமாக்கினர் என்பது நகைப்புக்குரிய செய்தியாகக் கூறப்படுவதுண்டு. இளம்பிராயத்தில் ஒலிவழி திறந்திருக்கும் நிலையில், சந்தமுடைய பாட்டையும் திருத்தமான உச்சரிப்பையும் செவியிற் பதித்தல் வீண்செயலன்று. பொருள் பின்னர் வந்து தங்குதற்கு அஃது ஓர் இருக்கையை அமைக்கின்றது. நிகண்டு யாப்பில் அமைந்தமையும் நினைவின் இயல்பறிந்து செய்த செயலே.

அதே முறையை மேல்வகுப்பு மாணவனிடத்துச் செலுத்தல் பெரும்பிழை. அவனது உள்ளத்தில் அமைவுருக்கள் தோன்றிவிட்டன. இனி அவன் பொருள்வழியே பதிக்க வல்லவன். விளங்காத வரலாற்றுக் குறிப்பையும் விஞ்ஞானக் குறிப்பையும் பரீட்சையின்பொருட்டு உருப்போடும் மாணவன், பைரனின் செய்யுளைப் பொருளில் அசையாக மாற்றிக்கொண்டு பத்து மடங்கு உழைக்கின்றான். பரீட்சை கழிந்து ஒரு திங்களுக்குள் ஐந்திலொரு பங்கை மாத்திரம் எஞ்சவைக்கின்றான். தலைப்பு அறியாது பந்தியைக் கேட்டவரின் நிலையே அவன் நிலை.

மனனஞ் செய்யும் முறையிலும் எபிங்கவுசின் நூல் பாடங் கற்பிக்கின்றது. பன்னிரண்டு அசை வரிசைக்கு ஒரே நாளில் 68 முறை வாசித்துப் பெற்ற பயனை, மூன்று நாளிற் பகிர்ந்து 38 முறை வாசித்து அவர் பெற்றார். பரீட்சைக்கு முந்திய இரவில் விழித்திருந்து படிப்போர்க்கு இதனினும் தக்க மறுப்பு வேறில்லை. 2006இல் உரோடிகரும் கார்பிக்கும் வெளியிட்ட ஆராய்ச்சி, மீண்டும் மீண்டும் வாசித்தவர் ஐந்து நிமிடத்தின்பின் மேம்பட்டாரேனும், ஒரு வாரத்தின்பின் நூலை மூடிவைத்து நினைவு கூர்ந்து எழுதிப் பழகியவரே மேம்பட்டனர் எனக் காட்டியது. நன்னூற் பாயிரத்திற் பவணந்தி முனிவர், ஆசிரியர் உரைப்பதனைக் கேட்பதால் வருவது காற்பங்கே என்றும், உடன் கற்போரோடு பயில்வதாற் காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் வரும் என்றும் பகுத்தமை இங்கு ஒப்பு நோக்கத்தக்கது. கேட்டலினும் வெளிக்கொணர்தலுக்கு அவர் பெரும்பங்கு அளித்தார். அவர் அளந்து கூறினார் அல்லர். கற்பித்தலின் அனுபவத்தாற் கண்டு கூறினார். அளந்து கண்ட முடிபும் அத்திசையிலேயே அமைந்துள்ளது.

முடிபு

எபிங்கவுசு பொருளை விலக்கியமையால் அவர் நூல் மொழிக்குப் புறம்பானது என்னும் தீர்ப்பு திருத்தப்படவேண்டியது. பாட்லற்றின் மறுப்பு வளர்ந்தோரின் நினைவைப் பற்றியவரையிற் செம்மையானது. மொழியின் தோற்றுவாயில் அஃது ஏலாது. அங்கே ஒலி முன்னும் பொருள் பின்னுமாக வருகின்றன. ஒலியைத் தாங்கிநிற்கும் நினைவின்றிப் பொருள் வந்து சேர இடமில்லை. ஐந்து வயதளவில் இவ்விரண்டும் தம்முள் இடம்மாறத் தொடங்குகின்றன. கற்பிப்போர் அறியவேண்டியது, தம்முன் அமர்ந்துள்ள பிள்ளை அம்மாற்றத்திற்கு எப்புறத்தே நிற்கின்றது என்பதே. மறந்துபோன பாடத்தை மீட்கப் புகும் மாணவனிடம், ‘எல்லாம் மறந்துவிட்டாய்’ எனக் கூறுமுன், மீளக் கற்க அவனுக்கு முன்னையினும் எவ்வளவு குறைவான உழைப்பு வேண்டப்படுகின்றது என எண்ணிப் பார்க்குமாறு 1885ஆம் ஆண்டின் அச்சிறு நூல் இன்றும் ஆசிரியரைத் தூண்டுகின்றது. அளவில் மிகக் குறைந்த மிச்சமும் கற்பித்தலுக்கு ஒரு தொடக்கமாகும்.